பெயரா, வினையா? ‘இங்’ போடும் இரட்டை வேடம்

“தாமிரபரணி மெதுவாக ஓடுகிறது.” இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் எட்டாம் வகுப்பு மாணவரும் தயங்காமல் சொல்லிவிடுவார்: ‘தி ரிவர் இஸ் ஃப்ளோயிங் ஸ்லோலி.’ இதையே சற்று மாற்றி, ‘ஆற்றின் மெதுவான ஓட்டம்’ என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். உடனே குழப்பம் தொடங்கும். ‘தி ஸ்லோலி ஃப்ளோயிங் ஆஃப் தி ரிவர்’ என்று சிலர் எழுதுவார்கள். ‘தி ஸ்லோ ஃப்ளோயிங் ஆஃப் தி ரிவர்’ என்று வேறு சிலர் எழுதுவார்கள். இரண்டில் ஒன்றுதான் சரி. எது? ஏன்?

“அப்படித்தான் பழக்கம், மனப்பாடம் செய்துகொள்” என்ற பதில் அறிவியல் மாணவருக்குப் போதாது. அமிலமா காரமா என்று தெரியாத திரவத்தை நாம் மனப்பாடம் செய்வதில்லை. லிட்மஸ் தாளை நனைத்துப் பார்க்கிறோம். மொழிக்கும் அப்படிப்பட்ட சோதனைகள் உண்டு. அவற்றைக் கொண்டு மேலே கேட்ட கேள்விக்கு விடை காண்போம். அந்தச் சோதனைக்கு வேண்டிய கருவி, தமிழ் பேசும் ஒவ்வொருவரிடமும் முன்னரே இருக்கிறது என்பதுதான் இதில் வியப்பான செய்தி.

ஒரு விகுதி, பல வேலைகள்

ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் இறுதியில் சேரும் ‘இங்’ என்ற விகுதியை முதலில் கவனிப்போம். நம் ஆற்றையே எடுத்துக்கொள்வோம்.

‘தி ரிவர் இஸ் ஃப்ளோயிங்’ - ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது.
‘எ ஃப்ளோயிங் ரிவர்’ - ஓடும் ஆறு.
‘தி ஃப்ளோயிங் ஆஃப் தி ரிவர்’ - ஆற்றின் ஓட்டம்.

தமிழில் ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பது வினைமுற்று. ‘ஓடும்’ என்பது பெயரெச்சம். ‘ஓட்டம்’ என்பது தொழிற்பெயர். மூன்று வேலைகளுக்கு மூன்று வடிவங்கள். ஆளைப் பார்த்தவுடனே யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்திலோ மூன்று இடத்திலும் ‘ஃப்ளோயிங்’ என்ற ஒரே வடிவம். ஒரே நடிகர் ஒரே உடையில் மூன்று பாத்திரங்களில் நடிப்பதைப் போன்றது இது. எந்தக் காட்சியில் எந்தப் பாத்திரம் என்பதை அவருடன் மேடையில் நிற்பவர்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படி உடன் நிற்பவர்கள் இரண்டு வகையினர். முதல் வகை அடைமொழிகள். பெயரை விளக்குவது பெயரடை: ‘ஸ்லோ’, ‘கேர்ஃபுல்’. வினையை விளக்குவது வினையடை: ‘ஸ்லோலி’, ‘கேர்ஃபுல்லி’. இரண்டாம் வகை, பெயருக்கு முன் நின்று ‘எது, எத்தனை, யாருடையது’ என்று எல்லை கட்டும் சொற்கள்: ‘தி’, ‘எ’, ‘திஸ்’, ‘மை’, ‘ஹெர்’, ‘நோ’ போன்றவை. இவற்றை வரையறைச் சொற்கள் என்று அழைப்போம்.

பத்தமடையில் ஒரு பரிசோதனை

தாமிரபரணிப் பாசனத்தில் சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள ஊர் பத்தமடை. கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்து அங்கே நெய்யப்படும் பாய்கள் புகழ் பெற்றவை. அந்த நெசவை வைத்தே நம் பரிசோதனையைச் செய்வோம். கீழ்வரும் இரண்டு தொடர்களும் சரியான ஆங்கிலம்.

முதல் தொடர்: ‘வீவிங் தி மேட் கேர்ஃபுல்லி.’
இரண்டாம் தொடர்: ‘தி கேர்ஃபுல் வீவிங் ஆஃப் தி மேட்.’

இரண்டிலும் ‘வீவிங்’ இருக்கிறது. இரண்டையும் வாக்கியத்தின் எழுவாயாக வைக்கலாம்; பின்னால் ‘டேக்ஸ் மெனி டேஸ்’ என்று சேர்த்தால் வாக்கியம் நிறைவடைந்துவிடும். ஆனால் உள்ளே பாருங்கள்.

முதல் தொடரில் ‘மேட்’ என்ற செயப்படுபொருள் ‘வீவிங்’குடன் நேராக ஒட்டி நிற்கிறது. இடையில் ‘ஆஃப்’ இல்லை. அடைமொழி ‘கேர்ஃபுல்லி’ என்ற வினையடை. ‘வீவிங்’குக்கு முன் ‘தி’ இல்லை.

இரண்டாம் தொடரில் எல்லாம் தலைகீழ். ‘மேட்’டுக்கு முன் ‘ஆஃப்’ வந்து நிற்கிறது. அடைமொழி ‘கேர்ஃபுல்’ என்ற பெயரடை. முன்னால் ‘தி’ என்ற வரையறைச் சொல்.

இப்போது ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்திப் பார்ப்போம். ‘தி கேர்ஃபுல்லி வீவிங் ஆஃப் தி மேட்’ - பிழை. ‘தி வீவிங் தி மேட் கேர்ஃபுல்லி’ - இதுவும் பிழை. இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்த மூன்று அடையாளங்களும் தனித்தனியே வருவதில்லை, கூட்டாக வருகின்றன. முதல் தொடரின் ‘வீவிங்’ வெளியே பெயராக நின்றாலும் உள்ளே இன்னும் வினைதான். ஆகவே வினைக்குரிய செயப்படுபொருளையும் வினையடையையும் அது விடாமல் வைத்திருக்கிறது. இரண்டாம் தொடரின் ‘வீவிங்’ உள்ளும் புறமும் பெயராகவே மாறிவிட்டது. ஆகவே பெயருக்குரிய ‘தி’யும் பெயரடையும் ‘ஆஃப்’பும் அதற்கு வேண்டியிருக்கின்றன.

முதலில் கேட்ட கேள்விக்கு விடை இப்போது தெளிவு. ‘ஆஃப் தி ரிவர்’ என்று வந்துவிட்டால் ‘ஃப்ளோயிங்’ முழுப் பெயர். அதற்கு முன் ‘ஸ்லோ’ தான் வர வேண்டும். ‘ஸ்லோலி’ வரக் கூடாது.

தமிழிலும் இதே சோதனை

“இதெல்லாம் ஆங்கிலத்தின் விசித்திரம்” என்று நினைக்கிறீர்களா? ‘ஓடு’ என்ற வினையிலிருந்து பிறந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ஓடுதல்’, ‘ஓட்டம்’. இரண்டும் தொழிற்பெயர்களே. இரண்டுக்கும் முன்னால் ‘வேகமாக’, ‘வேகமான’ என்ற இரண்டையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

‘வேகமாக ஓடுதல்’ - நன்றாக இருக்கிறது.
‘வேகமான ஓட்டம்’ - நன்றாக இருக்கிறது.
‘வேகமாக ஓட்டம்’ - காதில் உறுத்துகிறது.
‘வேகமான ஓடுதல்’ - இதுவும் இயல்பாக இல்லை.

யாரும் நமக்கு இதைக் கற்றுத் தரவில்லை. ஆனாலும் தவறு உடனே தெரிகிறது. “அவன் வேகமாக ஓட்டம் பிடித்தான் என்கிறோமே?” என்று ஒரு கெட்டிக்கார மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே ‘வேகமாக’ என்பது ‘ஓட்டம்’ என்ற பெயருக்கு அடையன்று. ‘பிடித்தான்’ என்ற வினைக்கு அடை. ‘பிடித்தான்’ என்பதை நீக்கிவிட்டால் தொடர் நிற்காது.

அடுத்து, செயப்படுபொருள் சோதனை. ‘பாயை நெய்தல்’ என்கிறோம். ‘ஐ’ உருபு இயல்பாக வருகிறது. ‘பாயை நெசவு’ என்று சொல்வோமா? மாட்டோம். ‘பாயின் நெசவு’ அல்லது ‘பாய் நெசவு’ என்போம். ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ செய்யும் வேலையை இங்கே ‘இன்’ செய்கிறது.

மூன்றாவதாக, வரையறைச் சொல் சோதனை. ‘ஒரு ஓட்டம்’, ‘அந்த ஓட்டம்’, ‘இரண்டு ஓட்டங்கள்’ எல்லாம் இயல்பானவை. கிரிக்கெட் வர்ணனையில் நாள்தோறும் கேட்கிறோம். ‘இரண்டு ஓடுதல்கள்’ என்று எந்த வர்ணனையாளராவது சொல்லிக் கேட்டதுண்டா?

எனவே ‘ஓடுதல்’, ‘நெய்தல்’ போன்றவை உள்ளே வினையாக இருக்கும் பெயர்கள். ‘ஓட்டம்’, ‘நெசவு’ போன்றவை முழுப் பெயர்கள். ஆங்கிலத்தில் ஒரே ‘இங்’ இரு வகையாகவும் நிற்கிறது. தமிழில் விகுதி பெரும்பாலும் வேறுபடுகிறது. தமிழ் இலக்கண நூல்கள், தல், கை, பு, சி, வி, மை முதலாகத் தொழிற்பெயர் விகுதிகள் பத்தொன்பதைத் தொகுத்துக் கொடுத்துள்ளன. தொல்காப்பியர், பெயர்ச்சொற்கள் காலம் காட்டுவதில்லை என்றும், தொழிலோடு ஒட்டி வரும் பெயர்கள் அதற்கு விலக்கு என்றும் குறித்துவைத்தார். பெயருக்கும் வினைக்கும் நடுவே ஒரு எல்லைப்புறம் உண்டு என்பதைத் தமிழ் இலக்கணம் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டது.

தமிழிலும் ‘இங்’ போல இரட்டை வேடம் போடும் விகுதி உண்டா? உண்டு. ‘கை’ விகுதியைப் பாருங்கள். ‘அவருடைய விரைவான வருகை’ என்பதில் ‘வருகை’ முழுப் பெயர். ‘அவர் விரைவாக வருகையில்’ என்பதிலோ அதே சொல் வினையாகிவிட்டது. ‘அவருடைய’ என்பது ‘அவர்’ ஆயிற்று. ‘விரைவான’ என்பது ‘விரைவாக’ ஆயிற்று. அடைமொழியே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

இதிலிருந்து ஒரு எளிய சூத்திரம் கிடைக்கிறது. தமிழில் ‘ஆக’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘லி’ வரும்; தமிழில் ‘ஆன’ வரும் இடத்தில் ‘லி’ வராது. ‘மெதுவாக’ என்றால் ‘ஸ்லோலி’. ‘மெதுவான’ என்றால் ‘ஸ்லோ’. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’ போல இரு வேலைக்கும் ஒரே வடிவம் கொண்ட சொற்களும், ‘ஃப்ரெண்ட்லி’ போல ‘லி’யில் முடிந்தும் பெயரடையாகவே நிற்கும் சொற்களும் இதற்கு விலக்கு.

நெல்லைச் சீமையின் இலக்கண அறிஞர்கள்

இரண்டு மொழிகளை இப்படி அருகருகே வைத்துப் பார்க்கும் கலைக்குத் திருநெல்வேலிச் சீமையில் நீண்ட வரலாறு உண்டு. நாம் இன்று தமிழ் வழியே ஆங்கிலம் கற்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் சிலர் அதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ரேனியஸ். பிரஷ்ய நாட்டில் 1790இல் பிறந்து, 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். மாணவர்களுக்காகப் ‘பூமி சாஸ்திரம்’ என்ற புவியியல் நூலைத் தமிழில் எழுதினார். அது 1832இல் வெளிவந்தது. 1836இல் ஆங்கிலத்தில் ஒரு தமிழ் இலக்கணத்தை வெளியிட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாளையங்கோட்டையிலேயே காலமானார்.

1839இல் தமிழகம் வந்த ஜி. யு. போப், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள சாயர்புரத்தில் பணியாற்றினார். பள்ளி மாணவருக்கும் தமிழ் கற்க விரும்பிய வெளிநாட்டவருக்கும் இலக்கண நூல்களை எழுதினார். திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1886இல் வெளியிட்டார்.

மூன்றாமவர் கால்டுவெல். அயர்லாந்தில் 1814இல் பிறந்தவர். 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் தேரி மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடியில் குடியேறினார். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு தனிக் குடும்பம் என்ற கருத்தை 1816இலேயே எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதியிருந்தார். அதை விரிவான சான்றுகளுடன் நிறுவிய நூல், கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். அதன் விரிவான இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. 1891இல் கொடைக்கானலில் காலமான அவருடைய உடல் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

கால்டுவெல்லின் முறை எளிமையானது, ஆனால் ஆழமானது. ஒரு மொழியின் விகுதியைத் தனியே பார்க்காதே. உறவு மொழிகளின் விகுதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார். அதன் வரலாறு தானே வெளிப்படும். இந்த ஒப்பியல் முறையை ‘இங்’ மீதே பயன்படுத்திப் பார்ப்போம். ஆங்கிலத்தின் நெருங்கிய உறவு மொழி ஜெர்மன். ரேனியஸின் தாய்மொழி அதுதான்.

ஜெர்மன் மொழியில் ‘உங்’ என்று ஒரு விகுதி உண்டு. அது வினையைப் பெயராக்கும். ‘உருவாக்கு’ என்ற பொருளுள்ள ‘பில்டென்’ என்ற வினையிலிருந்து ‘பில்டுங்’ என்ற பெயர் பிறக்கிறது. அதன் பொருள் ‘கல்வி’. ‘ஓடும்’, ‘கற்கும்’ என்பவை போன்ற எச்சப் பொருளுக்கு அங்கே வேறொரு விகுதி: ‘எண்ட்’. ‘லேர்னெண்ட்’ என்றால் ‘கற்கும்’. ஆக, ஜெர்மன் மொழியில் பெயருக்கு ஒரு விகுதி, எச்சத்துக்கு வேறு விகுதி. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் ஒன்றே?

கலந்துபோன இரண்டு ஆறுகள்

ஆங்கிலத்திலும் முதலில் இரண்டுதான் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்ற விகுதி. ‘லெயோர்னுங்’ என்பது ‘கற்றல்’. இன்றைய ‘லேர்னிங்’ அதன் வழிவந்ததே. எச்சத்துக்கு ‘எண்டெ’ என்ற வேறு விகுதி. பின் வந்த சில நூற்றாண்டுகளில் உச்சரிப்பு மாறியது. ‘எண்டெ’ சில வட்டாரங்களில் ‘இண்டெ’ ஆயிற்று. சிறிது சிறிதாக அதுவும் ‘இங்’ என்ற வடிவத்தோடு கலந்துவிட்டது.

சீவலப்பேரி அருகே சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. அதற்குக் கீழே ஒரு குடம் நீரை மொண்டு, இதில் சிற்றாற்று நீர் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல முடியுமா? ‘இங்’ விகுதியின் கதையும் அதுதான்.

வடிவம் ஒன்றானதும் குணமும் கலக்கத் தொடங்கியது. பழைய தொழிற்பெயர் முழுப் பெயராகவே இருந்தது; அதற்குச் செயப்படுபொருள் நேராக வராது. எச்சமோ வினை; அது செயப்படுபொருளையும் வினையடையையும் கொள்ளும். இரண்டும் ஒரே உருவில் நடமாடத் தொடங்கியபின், பெயராக நின்ற ‘இங்’கும் மெல்ல மெல்லச் செயப்படுபொருளையும் வினையடையையும் ஏற்கலாயிற்று. இவ்வாறு பல நூற்றாண்டுகளில் உருவானதே இன்று பள்ளியில் ‘ஜெரண்ட்’ என்று படிக்கும் வடிவம்.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு அமைப்புகளையும் கலந்து எழுதுவது வழக்கத்தில் இருந்தது. ‘தி’ முன்னால் வரும். ஆனால் பின்னால் ‘ஆஃப்’ வராது. பின்னாளில் லண்டன் நகரின் பிஷப்பான ராபர்ட் லௌத் என்பவர் 1762இல் ஒரு ஆங்கில இலக்கணத்தை வெளியிட்டார். ‘இங்’ வடிவத்துக்கு முன்னால் ‘தி’ வந்தால் பின்னால் ‘ஆஃப்’ வர வேண்டும். ஒன்றை விட்டால் மற்றதையும் விட வேண்டும் என்பது அவர் சொன்ன விதி. பத்தமடைப் பாயில் நாம் கண்டுபிடித்த விதியும் அதுதான். லௌத்துக்குப் பிறகும் சில காலம் கலப்பு எழுத்து தொடர்ந்தது. இன்றைய நல்ல ஆங்கிலத்தில் அது மறைந்துவிட்டது.

ஆனால் ஒரு பழைய தடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஓடியதை நினைத்துக்கொள்ளுங்கள். ‘தேர் வாஸ் நோ ஸ்டாப்பிங் தி ஃப்ளட்’ என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். வெள்ளத்தைத் தடுக்க வழியே இல்லை என்று பொருள். இதில் ‘ஸ்டாப்பிங்’குக்கு முன் ‘நோ’ என்ற வரையறைச் சொல் இருக்கிறது. பின்னால் ‘ஆஃப்’ இல்லாமல் ‘ஃப்ளட்’ நேராக வருகிறது. நம் விதிக்குப் பொருந்தவில்லை அல்லவா? ‘தேர் இஸ் நோ’ என்று தொடங்கும் இந்த ஒரு அச்சில் இரு தன்மைகளும் கலந்தே வாழ்கின்றன. விதிக்குப் பொருந்தாத உதாரணத்தை மறைத்துவிடாமல் தனியே எடுத்து ஆராய்வதும் அறிவியல் முறையே.

‘மை’, ‘ஹிஸ்’, ‘ஹெர்’ போன்ற உடைமைச் சொற்கள் இன்னும் தாராளமானவை. அவை இரு பக்கமும் வரும். ‘ஹெர் வீவிங் தி மேட் கேர்ஃபுல்லி’ என்பதும் சரி. ‘ஹெர் கேர்ஃபுல் வீவிங் ஆஃப் தி மேட்’ என்பதும் சரி. தமிழ் இங்கே கறாராக இருக்கிறது. ‘அவள் பாயைக் கவனமாக நெய்வது’ என்று வினைப் பக்கத்தில் ‘அவள்’ எழுவாயாக நிற்கும். ‘அவளுடைய கவனமான நெசவு’ என்று பெயர்ப் பக்கத்தில் மட்டும் உடைமை உருபு வரும். இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. ‘நெய்தது’, ‘நெய்கிறது’, ‘நெய்வது’ என்று காலத்தையும் காட்டிவிடலாம். ஆங்கிலத்தின் ‘வீவிங்’ தனித்து நின்றால் காலம் காட்டாது. முடிந்த செயலைக் குறிக்க ‘ஹேவிங் வோவன்’ என்று இன்னொரு சொல்லின் துணையைத் தேட வேண்டும்.

பாட்டா, பாடியதா?

இதனால் மதிப்பெண் தவிர வேறு பயன் உண்டா என்று கேட்கலாம். உண்டு. பொருளே மாறிவிடும். பள்ளி ஆண்டு விழாவில் எப்போதும் பேசாத ஒரு மாணவி மேடையேறிப் பாடுகிறாள். ஒருவர் சொல்கிறார்: ‘ஹெர் சிங்கிங் சர்ப்ரைஸ்டு மீ.’ அவரை வியக்கவைத்தது எது? அவளுடைய குரல் இனிமையா? அல்லது அவள் பாட முன்வந்த செய்தியா? இந்த வாக்கியத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இப்போது அடைமொழியைச் சேர்ப்போம். ‘ஹெர் ஸ்வீட் சிங்கிங்’ என்றால் பெயரடை வந்துவிட்டது. பேச்சு பாட்டைப் பற்றியது. ‘ஹெர் சடன்லி சிங்கிங் எ சாங்’ என்றால் வினையடையும் செயப்படுபொருளும் வந்துவிட்டன. பேச்சு அவள் திடீரென்று பாடிய நிகழ்ச்சியைப் பற்றியது. தமிழில் ‘அவள் பாட்டு என்னை வியக்கவைத்தது’ என்பதும் ‘அவள் பாடியது என்னை வியக்கவைத்தது’ என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்திருக்கும் மாணவருக்கு ஆங்கில வாக்கியத்தின் இரு பொருளும் பளிச்சென்று தெரியும்.

ஓடும் நீரும் ஓடாத காலணியும்

‘இங்’ ஒரு பெயருக்கு முன்னால் நிற்கும்போதும் இதே சோதனை உதவும். ‘ரன்னிங் வாட்டர்’ என்றால் ஓடும் நீர். ‘ரன்னிங் ஷூஸ்’ என்றால் ஓடும் காலணிகளா? காலணி தானாக ஓடினால் நாம் அதைத் துரத்த வேண்டியிருக்கும்! அவை ஓட்டத்துக்கான காலணிகள். முதலாவது எச்சம்; இரண்டாவது பெயர். சந்தேகம் இருந்தால் முன்னால் ‘ஸ்விஃப்ட்லி’ என்ற வினையடையைச் சேர்த்துப் பாருங்கள். ‘ஸ்விஃப்ட்லி ரன்னிங் வாட்டர்’ சரியாகவே இருக்கிறது. ‘ஸ்விஃப்ட்லி ரன்னிங் ஷூஸ்’ என்றால் சிரிப்புத்தான் வரும். ‘ட்ரிங்கிங் வாட்டர்’, ‘வாக்கிங் ஸ்டிக்’ ஆகியவையும் இப்படியே. நீர் எதையும் குடிப்பதில்லை, கைத்தடி நடப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘எ ஸ்லோலி ஃப்ளோயிங் ரிவர்’ என்ற தொடரில் ‘எ’ இருக்கிறது, ‘ஸ்லோலி’யும் இருக்கிறது. விதி உடைந்துவிட்டதா? இல்லை. ‘எ’ என்பது ‘ஃப்ளோயிங்’குக்கு உரியதன்று, ‘ரிவர்’ என்ற பெயருக்கு உரியது. தமிழில் ‘மெதுவாக ஓடும் ஒரு ஆறு’ என்று ‘ஒரு’ என்பதை அதன் சொந்தக்காரர் பக்கத்திலேயே வைத்தால் விஷயம் விளங்கிவிடும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு உறவு கொண்டது என்று பார்ப்பதுதான் இலக்கணத்தின் உயிர்நாடி. அடுத்தடுத்து நிற்பதால் மட்டும் உறவு வந்துவிடாது.

தமிழ் வழியில் படிக்கும் மாணவர் பலர், “ஆங்கில இலக்கணம் நமக்கு அந்நியமானது” என்று அஞ்சுகிறார்கள். ஆனால் பெயரையும் வினையையும் பிரித்தறியும் காது தாய்மொழியிலேயே அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. இடையன்குடியில் அமர்ந்து மொழிகளை ஒப்பிட்ட கால்டுவெல்லுக்கு ஒரு மொழி இன்னொரு மொழியை விளக்கியது. நமக்கும் அது விளக்கும். அடுத்த முறை ‘இங்’ எதிர்ப்படும்போது தயங்க வேண்டாம். ‘ஆக’வா ‘ஆன’வா என்று உங்கள் காதையே கேளுங்கள்.

செய்து பாருங்கள்

1. ‘தி ____ கிளீனிங் ஆஃப் தி கேனால்’: கோடிட்ட இடத்தில் வருவது ‘கேர்ஃபுல்’லா, ‘கேர்ஃபுல்லி’யா?
2. ‘பை ____ கிளீனிங் தி கேனால்’: இங்கே எது வரும்?
3. ‘தி ரீடிங் புக்ஸ் இஸ் எ குட் ஹேபிட்’: இந்த வாக்கியத்தை இரண்டு வழிகளில் திருத்துங்கள்.
4. ‘ஸ்லீப்பிங் பேபி’, ‘ஸ்லீப்பிங் பேக்’: எதில் ‘ஸ்லீப்பிங்’ எச்சம்? எதில் பெயர்?
5. ‘நடத்தல்’, ‘நடை’: எதற்கு முன் ‘மெதுவாக’ வரும்? எதற்கு முன் ‘மெதுவான’ வரும்?

விடைகள்: 1. ‘கேர்ஃபுல்’. ‘தி’யும் ‘ஆஃப்’பும் இருப்பதால் ‘கிளீனிங்’ முழுப் பெயர். 2. ‘கேர்ஃபுல்லி’. ‘கேனால்’ நேராக வருவதால் உள்ளே வினை இருக்கிறது. 3. ‘ரீடிங் புக்ஸ்’ என்று ‘தி’யை நீக்கலாம், ‘தி ரீடிங் ஆஃப் புக்ஸ்’ என்று ‘ஆஃப்’ சேர்க்கலாம். முதல் வழியே பேச்சில் இயல்பானது. 4. குழந்தை தூங்குகிறது, ஆகவே அங்கே எச்சம். பை தூங்குவதில்லை, ஆகவே அங்கே பெயர். 5. ‘மெதுவாக நடத்தல்’, ‘மெதுவான நடை’.